ஜூன் மாதக் கணக்கு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் நலம். அங்கு நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். நீ வாட்ஸப்பில் அனுப்பிய வரவு செலவு அட்டவணை கிடைத்தது. கைப்பேசியில் எழுத்து பொடியாகத் தெரிந்ததால், ஜெராக்ஸ் கடையில் தாளில் எடுத்து வரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். மொத்தம் 41 வரிகள். "ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படித்தான் சமாளித்தீர்களோ, எனக்கு மூன்றுக்கே மூச்சு முட்டுகிறது, இதில் எதைக் குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லத் தொடங்கினால் இரட்டையரில் ஒருவன் அழுவான், நீயும் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதமாகவே எழுதுகிறேன்.

உன் அட்டவணையில் பால், காய்கறி, மளிகை, மின்சாரம், பெட்ரோல் எல்லாம் பைசா சுத்தமாக இருக்கின்றன. ஆனால் தினச் செலவு நம் வீட்டை ஒரு நாளும் சாய்த்ததில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆச்சியோடு சேர்த்து ஒன்பது பேர் இருந்த வீடு அது. நாளொன்றுக்கு இரண்டே முக்கால் கிலோ அரிசி உலையில் போட வேண்டும். ஒவ்வொரு வேளையும் அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவேன். இரண்டு வேளைப் பிடியும் சேர்ந்தால் 100 கிராம் தேறும். மாதம் முடியும்போது மூன்று கிலோவாகி, மாதக் கடைசியில் ஒரு நாள் உலை கடை நோட்டில் பற்று எழுதாமல் கொதிக்கும். ஒரு நாள்தானே என்று நினைக்காதே. பற்று நோட்டைக் கையில் வாங்கும்போது மளிகைக்கடைக்காரர் நம் முகத்தைப் பார்க்கும் பார்வை அந்த ஒரு நாளில்தான் மாறும்.

1982 ஜூலை 1-ஆம் தேதி சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது நான் அமைப்பாளராகச் சேர்ந்தது உனக்குத் தெரியும். பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 15 கிராம் பருப்பு. 180 பிள்ளைகள் வந்தால் 18 கிலோ அரிசி, 2 கிலோ 700 கிராம் பருப்பு. பகலில் அங்கே இப்படி அளந்த கைதான் இரவில் வீட்டிலும் அளந்தது. ஊர்ப் பிள்ளைகளோடு உன் அண்ணன் அக்காமார்களும் அங்கேயே மதியம் சாப்பிட்டதால், எனக்கு வந்த தொகுப்பூதியத்தைவிட அந்தச் சாப்பாடுதான் பெரிய வரவு என்று அப்பா சொல்வார். தண்ணீருக்குத்தான் பட்ட பாடு சொல்லி முடியாது. கோவில்பட்டிப் பக்கம் கோடையில் குடத்துக்குக் காசு கொடுத்துக் குடிநீர் வாங்கிய வீடுகளில் நம் வீடும் ஒன்று. ஒன்பது பேர் குளித்த தண்ணீரும் முருங்கைக்குத்தான் போகும். ரேஷனில் பெரிய குடும்பத்துக்கென்று தனிச் சலுகை எதுவும் அப்போது கிடைக்கவில்லை. இன்றைக்கும் சர்க்கரை தலைக்கு 500 கிராம் என்கிறார்கள், ஆனால் அட்டைக்கு 2 கிலோவுக்கு மேல் கிடையாது. நான்கு பேருக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு நாக்கு இல்லை என்று அரசாங்கம் முடிவு செய்திருக்கிறது போலும். ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று எழுதியிருந்த காலத்தில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரைக் கடந்தவள் நான், ஆகவே குறை சொல்ல எனக்கு வாயில்லை.

துணிக்கும் வழி இருந்தது. பாவாடை தைக்கும்போதே கீழே மூன்று மடிப்பு உள்ளுக்கு வைத்துத் தைக்கச் சொல்வேன். ஆண்டுக்கு ஒரு மடிப்பைப் பிரித்து விட்டால் பாவாடை பிள்ளையோடு சேர்ந்து வளரும். ஆனால் பிரித்த இடத்தில் மட்டும் வெளுக்காத பழைய நிறம் பட்டையாகத் தெரியும். சின்ன அக்கா உடுத்திய பச்சைப் பாவாடையில் அப்படி மூன்று பட்டைகள் இருந்தன, அவற்றை எண்ணினால் அது எத்தனை வருடத்துப் பாவாடை என்று சொல்லிவிடலாம். வகுப்பில் ஒருத்தி அப்படி எண்ணிச் சொன்னாள் என்று ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாள்.

இவையெல்லாம் பழகிப்போன செலவுகள். வீட்டைச் சாய்க்கப் பார்த்தது ஆண்டுக்கு ஓரிரு முறை மொத்தமாக வந்து நிற்கும் செலவுதான். தீபாவளிக்காவது போனஸ் இருந்தது. 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம், ஆலையிலிருந்து அப்பா கைக்கு வரும். ஜூனுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரே வாரத்தில் நோட்டு, சீருடை, பை, செருப்பு வேண்டும். பழைய புத்தகம் பாதி விலைக்குக் கிடைக்கும், மூத்தவர் புத்தகம் இளையவருக்கு ஆகும். பாடத்திட்டத்தை மாற்றிவிட்டால் அதற்கும் வழியில்லை.

ஜூனுக்காகவே நான் ஏலச்சீட்டுப் போட்டேன். 20 பேர், ஆளுக்கு மாதம் 50 ரூபாய், சீட்டுத் தொகை 1,000. மாதம் ஒருவர் அதை ஏலத்தில் எடுப்பார். அவசரக்காரர் ஒருவர் 200 தள்ளிக் கேட்டால் அவர் கைக்கு 800 போகும், தள்ளிய 200-ஐ இருபது பேருக்கும் பிரித்தால் தலைக்கு 10 கழிந்து அந்த மாதம் 40 கட்டினால் போதும். முதல் மாதங்களில் எடுப்பவர் உண்மையில் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார். இது புரிந்த பிறகு, பதினைந்தாம் மாதம் சீட்டை எடுக்க நினைத்து, அது மே மாதத்தில் விழும்படி கணக்குப் பார்த்து 1988 மார்ச்சில் ஒரு சீட்டில் சேர்ந்தேன். பதினான்கு மாதம் தவறாமல் கட்டினேன். போட்டது மொத்தம் 573 ரூபாய் என்று நோட்டில் இருக்கிறது. சீட்டு நடத்தியவர் 1989 ஏப்ரல் கடைசியில் இரவோடு இரவாக ஊரைக் காலி செய்துவிட்டார். அடுத்த மாதமே சம்பளத் தகராறில் ஆலையும் கதவடைப்பில் மூடியது. என் கம்மலும் வளையலும் முன்பே அடகுக் கடையில் இருந்தன. மூன்று வட்டிக்கு வாங்கிய பழைய கடனே தீராததால் புதிதாகக் கேட்க முடியவில்லை.

அந்த ஜூன் மாதப் பக்கத்தைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். பெரியக்கா பத்தாம் வகுப்பில் 500-க்கு 412 வாங்கியிருந்தாள். பதினொன்றாம் வகுப்புக்கு டவுனுக்குப் போக வேண்டும். தாவணிச் சீருடை இரண்டு, நோட்டுகள், பஸ் செலவு எல்லாம் சேர்த்து அவளுக்கு மட்டும் 235 ரூபாய். மற்ற நான்கு பேருக்கும் 405. மொத்தம் 640 வேண்டும், கையில் இருந்தது 410. விளக்கடியில் உட்கார்ந்து நானும் அப்பாவும் எத்தனை முறை கூட்டினாலும் அதே தொகைதான் வந்தது. பாயில் படுத்திருந்தவள் எழுந்து வந்து, "நான் ஒரு வருஷம் கழித்துச் சேர்ந்துகொள்கிறேன் அம்மா" என்றாள். அவள் வரியை அடித்தேன். கணக்கு நேராகி 5 ரூபாய் மிச்சம் வந்தது. அந்த 5 ரூபாயை நான் நோட்டில் மிச்சம் என்றே எழுதியிருக்கிறேன்.

அடுத்த வாரமே அவள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகத் தொடங்கினாள். ஆச்சியோடு சேர்ந்து வீட்டில் குரோஸ் கணக்கில் பெட்டி ஒட்டி, 144 பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பழகிய பிள்ளைதான். என்றாலும் விடியற்காலை இருட்டில் ஆபீஸ் பஸ் வந்து ஹார்ன் அடிக்கும்போது, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அவள் ஓடும் சத்தம் கேட்டு நான் பாயில் கண்ணை மூடிக்கொண்டே படுத்திருப்பேன். அதே ஜூன் மாதத்தில்தான் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று அரசு அறிவித்தது. 180 முட்டைகளை எண்ணி வாங்கி, அவித்து, உரித்து, ஊர்ப் பிள்ளைகளின் தட்டில் வைத்துவிட்டு வருவேன். என் மூத்த பிள்ளை அந்த நேரத்தில் தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கிக்கொண்டிருப்பாள். ஒரு வருஷம் கழிந்தது, இரண்டு கழிந்தது, அவள் திரும்பப் பள்ளிக்குப் போகவில்லை. அதன் பிறகு நோட்டில் வரவுப் பக்கத்தில் சனிக்கிழமைதோறும் "பெ" என்று ஓர் எழுத்து போட்டு ஒரு தொகை இருக்கும். நீ பாலர் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போன முதல் செருப்பு அந்தத் தொகையில் வாங்கியது.

நீ நண்பர்களிடமெல்லாம் அம்மாவின் சிக்கனம் என்று பெருமையாகச் சொல்வதாக மருமகள் சொன்னாள். சிக்கனம் உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பிடியரிசியாலும் பாவாடை மடிப்பாலும் மட்டும் நீங்கள் ஆறு பேரும் ஆளாகிவிடவில்லை. கணக்கில் துண்டு விழுந்தபோது அது யார் மேல் விழுந்தது என்பதை நான் பார்க்கத் தவறினேன். வாய் திறந்து கேட்காத பிள்ளை மேல் விழுந்தது. அவளாகவே சொன்னாள் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினாறு வயதுப் பிள்ளை வேறு என்ன சொல்லும்?

இப்போது உன் அட்டவணைக்கு வருகிறேன். 27-ஆம் வரியில் "மூத்தவள் செஸ் வகுப்பு, மாதம் 1,500, நிறுத்தலாம்" என்று போட்டிருக்கிறாய். 29-இல் அவளுடைய பள்ளி வேன், அதற்கும் "நிறுத்தலாம்". நிறுத்தலாம் என்று நீ குறித்த வரிகள் மொத்தம் மூன்று, அவற்றில் இரண்டு ஒன்பது வயதுப் பிள்ளையுடையவை. கார் தவணை வரியில் அந்தச் சொல்லைக் காணவில்லை. தம்பிகள் பிறந்ததிலிருந்து அவள் எதையும் கேட்பதில்லை, ரொம்பப் பொறுப்பு என்று போன தடவை நீயே சந்தோஷமாகச் சொன்னாய். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

உன் கணக்கில் மாதம் 6,200 மிச்சம் என்று காட்டியிருக்கிறாய். அது மிச்சமே இல்லை. பள்ளி திறக்கும் மாதம் உன் 41 வரிகளில் எங்குமே இல்லை. வரும் ஆண்டு இரட்டையரையும் பள்ளியில் சேர்க்க வேண்டும், மூவருக்கும் சேர்த்து 1,20,000 ஆகும் என்று நீதான் சொன்னாய். இன்சூரன்ஸ் 38,000. தீபாவளிக்கு ஐந்து பேரும் ஊருக்கு வந்து போக 22,000. ஆக 1,80,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 15,000. அப்படியானால் உனக்கு மாதாமாதம் 8,800 துண்டு விழுகிறது, அது தெரியாமல் 1,500-ஐ வெட்டிக்கொண்டிருக்கிறாய். இந்த 15,000-ஐ முதல் வரியாக எழுதி, சம்பளம் வந்த அன்றே 12 மாதத் தொடர் வைப்பில் போட்டுவிட்டு, பிறகு மற்ற வரிகளுக்கு வா. எங்கே குறைக்க வேண்டும் என்பது அப்போது தானாகத் தெரியும், அது செஸ் பலகையில் இருக்காது.

நானும் பட்ட பிறகுதான் இதைக் கற்றேன். 1990 தீபாவளி போனஸில் யாருக்கும் பட்டாசு வாங்காமல், அஞ்சலகத்தில் 1,000 ரூபாய் கிசான் விகாஸ் பத்திரம் மூன்று வாங்கினேன். அப்போது ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பாகும். 1996 ஏப்ரலில் 6,000 கைக்கு வந்தது, அந்த ஜூனில் நடு அக்கா பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். பட்டாசுக்காகச் சின்னண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நீ அழுதது அதைவிட அதிகம்.

பெரியக்கா போன வாரம் வந்திருந்தாள். மேசையில் உன் அட்டவணையைப் பார்த்துவிட்டு, செஸ் வகுப்புக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டாள். தையல் கூலியிலிருந்து அனுப்பிவிடுவாளோ என்று பயந்து, அது வேறு ஏதோ கணக்கு என்று தாளை மடித்து வைத்துவிட்டேன். அவளிடம் இதைப் பற்றி நீ ஒன்றும் பேச வேண்டாம்.

கூரியரில் இரண்டு கிலோ கடலைமிட்டாய் அனுப்பியிருக்கிறேன். மூன்று பொட்டலமாகப் பெயர் எழுதிக் கட்டியிருக்கிறேன், மூத்தவள் பொட்டலத்தை அவள் கையில் தனியாகக் கொடு. சின்னவர்கள் கேட்டால் பங்கு வைக்கச் சொல்லாதே. 27-ஆம் வரியைத் திருத்திய அட்டவணையை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு.

இப்படிக்கு,
அம்மா