போல்ட்டை இறுக்காதே கண்ணு

கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவை அம்மாவின் கண்ணாடியையும் வாங்கிப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் ஒழுகுவது சிவப்பாக இருக்கிறது, வழவழவென்று இருக்கிறது என்கிறாய், அப்படியானால் என்ஜின் ஆயில் இல்லை, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலாக இருக்கலாம். ஆனால் உன் 2004 டொயோட்டா கேம்ரி காரில் பவர் ஸ்டீயரிங்கிலும் சிவப்பு ஆயில்தான் ஓடுகிறது, அதனால் அவசரப்பட்டு ஆயில் பேனை, அதுதான் கியர் பாக்ஸுக்கு அடியில் ஆயில் நிற்கும் தகட்டுத் தட்டை, கழற்றிவிடாதே. முதலில் கியர் பாக்ஸின் டிப்ஸ்டிக்கில், ஆயில் அளவு பார்க்கும் கம்பியில், அளவைப் பார். குறைந்திருந்தாலோ, கியர் விழத் தாமதமானாலோ வண்டியை எடுக்கவே வேண்டாம்.

அளவு சரியாக இருந்தால் பேனைச் சுற்றி பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு, முகப்பவுடரைத் தூவி (சிரிக்காதே, வேலைக்கு ஆகும்) ஐந்தாறு மைல் ஓட்டிவிட்டு வா. வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போகும், சொட்டுகிற இடத்தை நம்பக் கூடாது, பவுடரில் எது மேலேயும் முன்னாலேயும் சிவந்திருக்கிறதோ அங்கேதான் ஒழுக்கு.

பேன் ஓரம்தான் என்றால் உன் கை உடனே ஸ்பேனரைத் தேடும். என் பிள்ளைதானே. ஷார்ஜாவில் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த புதிதில் நானும் அதைத்தான் செய்தேன், ஊரில் கியர் வண்டி மட்டுமே பார்த்தவன். இறுக்கினேன், மறுநாள் இன்னும் அதிகமாக ஒழுகியது, இன்னும் இறுக்கினேன், மூன்றாம் நாள் ஒரு போல்ட் முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது. போர்மேன் திட்டவில்லை, பேனைக் கழற்றி ஓரத்தைக் காட்டினார். ஒவ்வொரு ஓட்டையிலும் தகடு மேலே இழுபட்டு, நடுவில் விலகிப்போய் அலை அலையாக இருந்தது. அந்த இடைவெளியில், பேனுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கிற பேக்கிங் எப்படி அழுந்தும்? அந்த முறிந்த போல்ட்டை எடுக்க ஒரு முழு நாள் போனது.

வீல் நட்டுக்கு நூறு நியூட்டன் மீட்டர் என்றால் இந்தக் குட்டி போல்ட்டுக்கு எட்டுதான். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கு, எதிரெதிராக மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றில் இறுக்கு. தகடு வளைந்திருந்தால் கட்டையில் வைத்து மெல்லத் தட்டி நேராக்கு. புது பேக்கிங் போடு, பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது கியர் பாக்ஸின் அலுமினியத்தில் கீறல் விழக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, ஸ்டாண்டு கட்டாயம், ஆயில் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது கை வைக்காதே.

பேனைக் கழற்றும்போது வடிந்த ஆயிலை அளந்து வை, அதே அளவு டைப் டி-4 (Type T-IV) கியர் பாக்ஸ் ஆயிலை டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே ஊற்று, வேறு எதையும் ஊற்றாதே. அப்புறம் சமதளத்தில் என்ஜின் ஓட, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரும் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி அளவைப் பார்.

பேனுக்குள் காந்தம் ஒட்டியிருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி படிந்திருந்தால் அது சாதாரணத் தேய்மானம், துடைத்துவிட்டு வை. பளபளவென்று இரும்புத் துண்டு தெரிந்தால் அது வேறு கதை. துடைக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, இங்கே நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

அப்பா