தலையாட்டினால் சம்மதம் என்று எழுதாதீர்கள்: தமிழ்நாடு காவல்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், நிலையங்களில் ரைட்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஏட்டையாக்களுக்கும் ஏட்டம்மாக்களுக்கும்,

வணக்கம்.

நான் சைகை மொழிபெயர்ப்பாளர். அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. அதனால் எனக்கு வாய் பேச வருவதற்கு முன்பே கை பேச வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் காது கேளாத ஒருவர் காவல் நிலையம் போக நேர்ந்தால், யாராவது என்னைக் கூப்பிடுவார்கள், பல சமயம் நள்ளிரவில். கூப்பிடுகிற நிலையங்களுக்கு நன்றி. யாரையும் கூப்பிடாமலே எழுதி முடிக்கப்படும் விவகாரங்கள்தான் இந்த மடலை எழுத வைக்கின்றன.

முதலில் தலையாட்டலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காது கேளாதவர் எதிரில் இருப்பவரைப் பார்த்துத் தலையாட்டுவது, நாம் போனில் ‘ம்… ம்…’ கொட்டுவது மாதிரி. ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பது அதன் பொருள். இன்னொரு காரணமும் உண்டு. புரியவில்லை என்று காட்டினால் எதிராளி எரிச்சலாகிறார், தலையாட்டினால் விட்டுவிடுகிறார் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே அவர்கள் கற்றுக்கொண்டிருப்பார்கள். காக்கிச் சட்டைக்கு முன்னால் அந்தப் பழக்கம் இரட்டிப்பாகும். “பைக்கை நீதான் எடுத்தியா?” தலை ஆடுகிறது. “தனியா எடுத்தியா?” மறுபடி ஆடுகிறது. மூன்றாவது கேள்விக்குள் வாக்குமூலம் தயார். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ரிமாண்டில் உள்ளே போகிறவருக்கு அதனால் என்ன ஆறுதல்?

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. ‘ஆமாம்’ என்றால் தப்பாகிற ஒரு கேள்வியை நடுவே போடுங்கள். அவர் பெயர் முருகன் இல்லையென்றால், “உன் பேர் முருகனா?” என்று கேளுங்கள். அதற்கும் தலை ஆடினால் அதுவரை எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளரைத் தேடுங்கள்.

“சரிம்மா, பேப்பரும் பேனாவும் குடுத்தோமே, எழுதட்டுமே” என்பது அடுத்து நான் கேட்கும் பதில். நன்றாக எழுதுகிறவர்கள் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன; அங்கே படித்தவர்களிடம் தாராளமாக எழுதிக் கேட்கலாம். ஆனால் பிறவியிலேயே கேளாத பலருக்குத் தமிழ் காதால் வந்த மொழி அல்ல, பாடப்புத்தகத்தில் கண்டு பழகிய இரண்டாம் மொழி. தமிழோ உருபுகளில் நிற்கிற மொழி. அவர்கள் “குமார் ரவி அடி” என்று எழுதித் தருவார்கள். யார் அடித்தது, யார் அடி வாங்கியது? முதல் தகவல் அறிக்கை எழுதுகிறவர் தன் ஊகத்தில் ஒரு ‘ஐ’ சேர்த்தால், அடிபட்டவர் குற்றவாளி ஆகிவிடுவார். இதையே அவர் கையால் சொல்லும்போது குழப்பமே இருக்காது. குமாரை இடப்பக்கமும் ரவியை வலப்பக்கமும் காற்றில் நிறுத்திவைத்துவிட்டு, அடி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று காட்டிவிடுவார். ஆக, அவருடைய மொழியில் தெளிவாக இருந்த விஷயம் நம் தாளுக்கு வரும்போதுதான் கலங்குகிறது.

உதடு பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்பதும் பாதிதான் உண்மை. ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ‘பணம்’ எது, ‘மணம்’ எது என்று உதட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு மேல் நம் காவல்துறையின் மீசை வேறு குறுக்கே நிற்கும். (மீசையை எடுக்கச் சொல்லவில்லை ஐயா.) சத்தமாகக் கத்தினால் உதடு கோணும், இன்னும் புரியாமல் போகும். இரவில் அவர் முகத்தில் டார்ச் அடித்தால், நீங்கள் சொல்வதைப் பார்க்க அவருக்கு இருந்த ஒரே வழியும் அடைபடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனாலும் நிலையத்தில் இதைச் சொன்னால் பலர் புதிதாகக் கேட்பதுபோல் பார்க்கிறார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 173: பாலியல் குற்றங்களிலும் அமில வீச்சிலும் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளி என்றால், அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் முன்னிலையில் புகாரைப் பதிய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். அப்படியென்றால் செயின் பறிப்புக்கும் சீட்டு மோசடிக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டாமா? அங்கே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வருகிறது. அதன் 12ஆம் பிரிவு, அவரவர் விரும்பும் மொழியிலும் முறையிலும் வாக்குமூலம் பதிய வசதி செய்யும் பொறுப்பை அரசின் மேல் வைக்கிறது. அதில் எந்தக் குற்றம் என்ற பாகுபாடு இல்லை.

சரி, யார் மொழிபெயர்ப்பது? வழக்கமாகக் கூட வந்த அண்ணனோ மாமியாரோதான். இங்கேதான் நிறைய வழக்குகள் கெட்டுப்போகின்றன. புகாரே அந்த மாமியார் மேல் என்றால்? என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். ஒரு பெண் கை நிறைய, முகம் நிறைய வெகுநேரம் சொன்னாள். கூட வந்த உறவினர், “புருஷனோட சண்டையாம், சமாதானமா போறேங்குறா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) கூடப் போடாமல் அனுப்பிவிட்டார்கள். அவள் சொன்னது அடிபட்ட கதை, நகை பறிபோன கதை. உச்ச நீதிமன்றம் 2012இல் ராஜஸ்தான் கொலை வழக்கு ஒன்றில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: காது கேளாத, வாய் பேசாத ஒருவர் தகுதியுள்ள சாட்சிதான், ஆனால் மொழிபெயர்ப்பவருக்கு வழக்கில் எந்த நலனும் இருக்கக்கூடாது, அவரும் உறுதிமொழி எடுக்க வேண்டும். நீதிமன்றத்துக்கான விதிதான் அது. ஆனால் நிலையத்தில் கோணலாக எழுதப்பட்டதை நீதிமன்றத்தில் போய் நிமிர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்கே தெரியும்.

சென்னை அயனாவரம் வழக்கு நினைவிருக்கும். செவித்திறன் குறைபாடுள்ள 11 வயதுச் சிறுமி, 2018இல் வெளியே வந்த பாலியல் கொடுமை. அதில் 2020இல் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அந்தக் குழந்தை சொன்னதைப் புரிந்துகொள்ள அவளைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடமே பார்க்காத, இந்திய சைகை மொழியும் அறியாத, வீட்டுச் சைகை மட்டுமே தெரிந்த கிராமத்துப் பெண்ணுக்கு அது கிடைக்காது. அவளிடம் பேச என்னாலேயே முடியாமல் போகலாம். அப்போது காது கேளாத ஒருவரையே நடுவில் வைத்து, அவர் அவளிடமும் நான் அவரிடமும் பேசுவோம். மூன்று கை தாண்டி வரும், நேரமாகும். “சீக்கிரம் கேட்டுச் சொல்லுமா” என்று அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம் கைவிலங்கு. கைதானவரின் கையைப் பின்னால் கட்டினால், சைகை மொழிக்காரருக்கு அது வாயில் துணி அடைப்பதுதான். எப்போது விலங்கிடலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. அந்த வரம்புக்குள் இட வேண்டியிருந்தாலும் முன்பக்கமாக இடுங்கள், கேள்வி கேட்கும்போது கழற்றுங்கள். செல்போனும் அப்படித்தான். வீட்டுக்குத் தகவல் சொல்லும் உரிமை அவருக்கும் உண்டு, அதை அவர் வீடியோ காலில்தான் செய்ய முடியும். கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் வலியுறுத்தியது. தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

சாலைக்கும் வருவோம். காது கேளாதவர்களுக்கு ஓட்டுநர் உரிமத்தை மறுக்கக்கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011இலேயே வழிவிட்டது. இன்று நிறையப் பேர் வண்டி ஓட்டுகிறார்கள். விசில் அடித்தும் நிற்காத எல்லாரும் தப்பி ஓடுகிறவர்கள் இல்லை. நிறுத்தப்பட்டவர் அவசரமாகப் பைக்குள் கையை விடுகிறார் என்றால், பெரும்பாலும் அடையாள அட்டையை எடுத்துக் காட்டத்தான். அவருடைய குரல் குழறுவதும் முகம் பலவிதமாக மாறுவதும் குடிபோதை அல்ல. 2017இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில், “அவருக்குக் காது கேட்காது” என்று அக்கம்பக்கத்தார் கத்திக்கொண்டிருக்கும்போதே காது கேளாத ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. இங்கே துப்பாக்கி அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது என்றாலும் லத்தி வரும்.

ஆபத்து என்றால் 100, 112 என்கிறோம். பேச முடியாதவர் அங்கே என்ன பேசுவார்? பிரிட்டனில் 2022 ஜூன் முதல் 999க்கு சைகை மொழி வீடியோ அழைப்பு இருக்கிறது. நடுவில் மொழிபெயர்ப்பாளர் இருந்து கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கிறார். 2011 கணக்கெடுப்பிலேயே 2 லட்சத்துக்கு மேல் செவித்திறன் குறைபாடுள்ளோர் இருந்த மாநிலம் நம்முடையது. இங்கே ஒரு கட்டுப்பாட்டு அறையிலாவது இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. ஊனமாஞ்சேரி காவலர் உயர் பயிற்சியகத்திலும் மாவட்டப் பயிற்சிப் பள்ளிகளிலும் காது கேளாதவர்களையே வரவழைத்துப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். ‘வணக்கம்’, ‘நன்றி’ சைகையைப் பழகிப் படம் எடுத்துப் போடும் ஒருநாள் கூத்து வேண்டாம். புகார் வாங்குவதையும் வண்டி நிறுத்துவதையும் அவர்களோடு ஒத்திகை பார்க்கட்டும். மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் நிர்ணயம் செய்யுங்கள். பஸ் காசு கேட்டாலே முகம் மாறுகிற நிலை இனியும் வேண்டாம். விசாரணை நடுவில் எங்களைத் தனியே கூப்பிட்டு, “அவன் நிஜத்தைத்தான் சொல்றானா?” என்றும் கேட்காதீர்கள், அது எங்கள் வேலை இல்லை.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தோடு பேசி, ஒவ்வொரு நிலையத்திலும் மொழிபெயர்ப்பாளர்களின் எண்களை எழுதி வையுங்கள். என் எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம். இரவு எத்தனை மணியானாலும் வீடியோ காலில் வருவேன். ஆனால் எல்லாம் எழுதி முடித்துக் கையெழுத்து வாங்குகிற நேரத்தில் கூப்பிடாதீர்கள், முதல் கேள்வி கேட்பதற்கு முன்பே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர்