சபையின் வயதும் கட்டடத்தின் வயதும்

ஆசிரியருக்கு,

நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டுக்கு எதிரே நிற்கும் டிரினிட்டி தேவாலயம் பற்றிய தங்கள் சுற்றுலாப் பக்கக் கட்டுரையில், படத்தின் கீழ் ‘1697-இல் கட்டப்பட்டது’ என்று அச்சாகியுள்ளது. அது சபைக்கு அரச சாசனம் கிடைத்த ஆண்டு. இன்றைய கட்டடம் அங்கு எழுந்த மூன்றாவது. 1698-இல் முடிந்த முதல் ஆலயம் 1776 பெருந்தீயில் எரிந்தது. 1790-இல் பிரதிஷ்டையான இரண்டாவது, 1838-39 குளிர்காலப் பனியின் பாரத்தில் கூரை தளர்ந்துபோனதால் இடிக்கப்பட்டது. ரிச்சர்ட் அப்ஜான் வடிவமைத்த இப்போதைய பழுப்பு மணற்கல் ஆலயம் 1846-இல்தான் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1804-இல் இறந்து அந்த வளாகத்திலேயே அடக்கமான அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன், இந்த 281 அடிக் கோபுரத்தைப் பார்த்திருக்க வழியே இல்லை!

கல்லறைக் கற்களை நம்பிக் கணக்கிட்டாலும் பிசகும். அங்குள்ள ரிச்சர்ட் சர்ச்சர் என்ற குழந்தையின் கல்லில் 1681 என்றிருக்கிறது. சாசனத்துக்கே 16 ஆண்டு முந்தையது. பழைய ஆலயங்களில் கற்கள் அப்படியே இருக்க, கட்டடம் மாறிவிடுவது சகஜம். ஆகவே, இத்தகைய படக்குறிப்புகளில் சபை தோன்றிய ஆண்டையும் இப்போதைய கட்டடம் பிரதிஷ்டையான ஆண்டையும் தனித்தனியே வெளியிட வேண்டுகிறேன். இடம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால், படத்தில் தெரியும் கட்டடத்தின் ஆண்டே போதும்.