மருந்துக்கடை அண்ணாச்சிமார்களுக்கு, க்ளோசபின் வாங்க வரும் ஓர் அக்காவின் மடல்

ஊர்தோறும் மருந்துக்கடைகளில் நிற்கும் மருந்தாளுநர்களுக்கும், அவர்களோடு வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் சிவகாசிப் பக்கத்துக்காரி. என் தம்பிக்கு 41 வயது. மனச்சிதைவு நோய்க்காக ஒன்பது வருடமாக க்ளோசபின் சாப்பிடுகிறான். அதற்கு முன்னால் இரண்டு மருந்துகளை மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். காதில் கேட்ட குரல்கள் ஓயவில்லை. வேறு மருந்துக்கு மசியாத நோய்க்குத்தான் இதை எழுதுவார்கள் என்று மருத்துவர் சொன்னார். இன்று அவன் காலண்டர் பட்டறைக்கு வேலைக்குப் போகிறான். போன தீபாவளிக்குத் தன் சம்பளத்தில் என் மகளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தான். இந்த மாத்திரையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இதைப் படித்துவிட்டு யாரும் பயந்துபோய் வீட்டில் இருக்கும் மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் பழைய நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வரலாம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி. மழை. தம்பிக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். தெருமுனைக் கடையில் போய், "ரெண்டு நாளா வயித்தால போகுது அண்ணாச்சி" என்றேன். கையில் சீட்டு இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை ஐந்து நாளைக்கு எண்ணிக் கொடுத்து, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று கவரில் எழுதியும் தந்தார். நல்ல மனிதர், அக்கறையோடுதான் செய்தார். தம்பி எழுந்து நடமாட முடியாததால் பீடி வாங்கவும் போகவில்லை. நாளுக்கு ஒரு கட்டு காலி செய்கிறவன். இந்தச் சாக்கிலாவது பீடி நின்றதே என்று எனக்குச் சந்தோஷம்.

நாலாம் நாள் காலையில் எழுப்பினேன், எழவில்லை. தலையணை எச்சிலில் ஊறிக் கிடந்தது. நாக்குக் குழறியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. தாங்கிப் பிடித்து எழுப்பி நிறுத்தினால் அப்படியே சரிந்தான்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் மாத்திரை அட்டையைப் பார்த்தார். பிறகு இரண்டே கேள்வி கேட்டார். "புதுசா ஏதாவது மருந்து குடுத்தீங்களாம்மா? பீடி, சிகரெட் பழக்கத்தை நிறுத்திட்டாரா?" இரண்டுக்கும் ஆமாம் என்றேன்.

உங்களில் பலருக்கு இது பாடத்தில் படித்ததாக இருக்கும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. க்ளோசபினைக் கரைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. பீடிப் புகை அந்த நொதியை முடுக்கி விடுகிறது. அதனால்தான் பீடி குடிக்கிறவருக்கு அளவு கூட்டி எழுத வேண்டியிருக்கிறது. பீடி நின்றால் அந்த வேகமும் நின்றுவிடும். அதே மாத்திரை ரத்தத்தில் தேங்கத் தொடங்கும். சிப்ரோஃப்ளாக்சசின் அதே நொதியை அடக்கிவிடும். கடுமையான காய்ச்சலும் மருந்தின் அளவை ஏற்றும். மூன்றும் ஒரே வாரத்தில் என் தம்பி மேல் இறங்கியிருக்கின்றன. க்ளோசபின் அளவைக் குறைத்து, சிப்ரோஃப்ளாக்சசினுக்குப் பதில் வேறு மருந்து கொடுத்து, ஆறு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தத் தெருமுனைக் கடைக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. என் தம்பி க்ளோசபின் சாப்பிடுவது அவருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான். அதற்கும் சில வருடம் முன்னால், வேறொரு கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் சீட்டை நீட்டினேன். அங்கிருந்தவர் உள்ளே பார்த்து, "அந்த மென்டல் மாத்திரை ஒரு அட்டை எடுப்பா" என்று குரல் கொடுத்தார். என் பக்கத்தில் என் மகளின் வகுப்புத் தோழியுடைய அம்மா நின்றிருந்தார். அன்றிலிருந்து க்ளோசபினை மட்டும் பஸ் ஏறிப் பக்கத்து ஊரில் போய் வாங்கினேன். காய்ச்சல், சளி, வயிற்றுவலி மாத்திரைகள் தெருமுனையில்.

இப்படி ஒரு கடைக்கு க்ளோசபின் தெரியும், இன்னொரு கடைக்கு சிப்ரோஃப்ளாக்சசின் தெரியும். இரண்டையும் வாங்கிய ஒரே கை என்னுடையது, எனக்கோ ஒன்றும் தெரியாது. மனநல மாத்திரை வாங்கும் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது என்பதை மருத்துவமனை வராந்தாவில் மற்ற அம்மாக்களோடு பேசியபோது தெரிந்துகொண்டேன். ஒளித்து வாங்குகிறவர்களிடம் மருந்தைப் பற்றி யார் பேச முடியும்?

அதனால் என் முதல் கோரிக்கை: குரலைத் தாழ்த்துங்கள். மாத்திரையை அதன் பெயரால் மட்டும் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயின் விவரம் ரகசியமாகக் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. 2015இல் வந்த மருந்தியல் பணி ஒழுங்குமுறைகளும், சீட்டைப் பார்த்து ஒரு மருந்து இன்னொன்றோடு மோதுகிறதா என்று கவனிப்பதையும், வாங்குகிறவருக்கு விளக்கிச் சொல்வதையும் மருந்தாளுநரின் வேலையாகவே எழுதியிருக்கின்றன. உங்களை நம்பி எல்லா மாத்திரையையும் ஒரே கடையில் வாங்க முடிந்தால்தான் அந்த வேலையை நீங்கள் செய்ய முடியும்.

அடுத்தது, கேளுங்கள். மருத்துவரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம், உங்களை மாதம் தவறாமல் பார்க்கிறோம். "கடைசியா எப்பம்மா ரத்தம் பார்த்தீங்க?" என்று இந்த ஒன்பது வருடத்தில் கடையில் யாரும் என்னைக் கேட்டதில்லை. 1975இல் பின்லாந்தில் இந்த மருந்து சாப்பிட்ட சிலருக்கு ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்து, கிருமித் தொற்றில் இறந்துபோனார்கள். பல நாடுகளில் மருந்தையே ஓரங்கட்டினார்கள். வேறு எதற்கும் கட்டுப்படாத நோயை இது கட்டுப்படுத்துகிறது என்று 1988இல் ஒரு பெரிய ஆய்வு காட்டிய பிறகுதான், ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எங்கள் மருத்துவர் எழுதித் தந்த கணக்கு, முதல் 18 வாரம் வாராவாரம், பிறகு ஒரு வருடம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறை. ஆபத்து அதிகம் அந்த முதல் மாதங்களில்தான். ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்களுக்கு இருக்கிற அலைச்சலில் பரிசோதனைதான் முதலில் விட்டுப்போகும்.

க்ளோசபின் வாங்குகிறவர் வீட்டிலிருந்து யாராவது வந்து தொண்டை வலி, காய்ச்சல் என்று சொன்னால், தயவுசெய்து பாரசிட்டமாலும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். "இன்னைக்கே ரத்த அணு எண்ணிப் பாருங்க, டாக்டருக்குச் சொல்லுங்க" என்று அனுப்புங்கள். சில நாள் மலம் இறங்கவில்லை என்று வந்தாலும் அப்படித்தான். இந்த மருந்து குடலை மந்தமாக்கும். சாதாரண மலச்சிக்கல் என்று விட்டு, குடல் அடைத்து உயிர்போனவர்கள் உலகமெங்கும் உண்டு. வயிறு உப்பி, வாந்தியும் சேர்ந்தால் அது அவசரப் பிரிவுக்குரிய விஷயம்.

இன்னொன்று, "ஸ்டாக் இல்லை, நாளைக்கு வாங்க" என்ற பேச்சு. சில மாத்திரைகளில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. க்ளோசபினில் 48 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் பழைய அளவை அப்படியே தொடங்கக் கூடாது. ரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம், வலிப்பு வரலாம். மருத்துவரிடம் சொல்லி, 12.5 மில்லிகிராமிலிருந்து, அதாவது 25 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் பாதியிலிருந்து, மறுபடி ஏற வேண்டும். ஆகவே எங்களை மாதிரி மாதாமாதம் வருகிறவர்களுக்கு ஒரு அட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள். பண்டிகை விடுமுறைக்கு முன் ஒரு வார்த்தை நினைவூட்டுங்கள். 25க்கும் 100க்கும் அட்டை ஒரே மாதிரி இருக்கும்போது விரலை வைத்துக் காட்டிக் கொடுங்கள். சீட்டு எழுதியவருக்குக் கண்பார்வை நன்றாக இருக்கும், வாங்க வருகிற எங்கள் அம்மாவுக்கு அப்படி இல்லை.

என் தம்பியே தனக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறான். பட்டறையிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டர் அவன் கட்டில் பக்கத்தில் தொங்குகிறது. ராத்திரி மாத்திரையைப் போட்ட பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பான். இரண்டு தாள் கிழிபடாமல் நின்றால் எனக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. பீடியை விட வேண்டும் என்று இப்போது அவனே சொல்கிறான். மருத்துவரிடம் முதலில் சொல்லி, மாத்திரை அளவைப் பார்த்துக் குறைத்துக்கொண்டே விடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

இந்த மாதத்திலிருந்து நான் பஸ் ஏறப் போவதில்லை. தெருமுனைக் கடைக்கே சீட்டோடும் ரத்த முடிவோடும் வருகிறேன். வாங்கிப் பாருங்கள் அண்ணாச்சி. கேட்க வேண்டியதை மெதுவாகக் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
சிவகாசிப் பக்கத்து ஓர் அக்கா