சலூன் அண்ணன்மாருக்கு ஒரு தோல் டாக்டரின் மடல்

தமிழ்நாட்டில் சலூன் நடத்துகிற, சலூனில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் வணக்கம்.

தாடியில் ரூபாய்க் காசு அளவுக்கு முடி கொட்டினால் பெரும்பாலும் அதை முதலில் பார்ப்பவர் நீங்கள்தான். தாடைக்கு அடியில் இருப்பது வீட்டுக் கண்ணாடியில் தெரியாது. மோவாயை நிமிர்த்தி நுரை தடவும்போது உங்கள் விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த வாடிக்கையாளர் எங்களிடம் வந்து சேர அப்புறம் மாதக்கணக்கில் ஆகிறது. அந்த இடைவெளியில் நடப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

"புழுவெட்டு தம்பி, சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ங்க" என்கிறீர்கள். அவர் வீட்டில் அதோடு மிளகும் உப்பும் சேர்த்து அரைக்கிறார்கள். போதாதென்று பூண்டையும் நசுக்கி வைத்துக் கட்டுகிறார்கள். தோல் வெந்து, கொப்புளம் உடைந்து, கறுத்த தழும்போடு வந்து உட்காருகிறார். வெங்காயத்தை நான் கேலி செய்யவில்லை. தோலை வேண்டுமென்றே லேசாக எரியவிட்டு முடியை வரவழைக்கும் சிகிச்சை எங்களிடமும் உண்டு. ஆனால் அதில் மருந்தின் வீரியத்தைத் துளித்துளியாகத்தான் கூட்டுவோம். அம்மியில் அரைத்ததற்கு ஏது அளவு?

அங்கே புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளணுக்கள் தவறிப்போய் முடியின் வேரைத் தாக்குகின்றன. வேர் சாவதில்லை, வேலையை நிறுத்திவிடுகிறது. அதனால்தான் திரும்ப முளைக்க வழி இருக்கிறது. ஒன்றிரண்டு வட்டம் மட்டும் உள்ளவர்களில் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே வந்துவிடும். இது ஒட்டாது, உங்கள் கத்தியால் வந்ததும் இல்லை. புதிய முடி முதலில் வெள்ளையாகத்தான் எட்டிப் பார்க்கும். வாடிக்கையாளர் நரை என்று பதறினால் நல்ல அறிகுறி என்று சொல்லுங்கள். வழிக்க வழிக்க அடர்த்தியாக வளரும் என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கத்தி வேரைத் தொடுவதே இல்லை. பதினெட்டு வயதுப் பையனுக்குத் தாடி அங்கங்கே விட்டுவிட்டு இருந்தால் அது நோயே அல்ல, இன்னும் சில வருடம் பொறுக்கலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. தாடியில் முடி போன இடமெல்லாம் புழுவெட்டு இல்லை.

தோல் வழவழவென்று, செதிலோ வலியோ இல்லாமல், ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகளோடு இருந்தால் அது புழுவெட்டு. செதில், சிவப்பு, அரிப்பு, சீழ்க்கட்டி இருந்து, முடியைப் பிடித்தால் வலிக்காமல் கையோடு வந்தால் படர்தாமரையைச் சந்தேகிக்க வேண்டும். இது பூஞ்சைக் காளான், ஒட்டும். மாடு வளர்க்கும் ஓர் இளைஞர் தாடையெல்லாம் சீழாக வந்தார். வீட்டில் கன்றுக்குட்டி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, அதன் கண்ணைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பொருக்குப் பொருக்காக இருக்கிறது என்றார். காளான் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதை இந்த அளவுக்கு வளர்த்தது மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு. தடவிய சில நாளில் சிவப்பு அடங்கும், உள்ளே காளான் பரவும். இந்தக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018ல் அரசு விதியை இறுக்கியும், கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது. நீங்களாவது பேர் சொல்லி அனுப்பாதீர்கள். படர்தாமரைக்கு வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டாக வேண்டும்.

நீங்கள் ஆளுக்கொரு பிளேடு மாற்றுவது கண்ணில் படுகிறது, சந்தோஷம். டிரிம்மரின் பல், பிரஷ், கழுத்தில் போடும் துண்டு? செதிலைப் பார்த்த அன்று அவற்றை அடுத்தவர் முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

புழுவெட்டு என்றால் அந்த வட்டத்துக்குள்ளேயே ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைச் சொட்டுச் சொட்டாகப் போடுவோம், நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை. தோல் குழிந்துவிடக்கூடாது என்பதால் முகத்துக்கு வீரியத்தைக் குறைத்துக்கொள்வோம். தலை, புருவம் என்று எல்லாம் கொட்டியவர்களுக்கு பாரிசிட்டினிப் மாத்திரை இருக்கிறது, அமெரிக்காவில் 2022ல் அனுமதி கிடைத்தது. தொற்று வரக்கூடும், ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறையவும்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் டாக்டரின் கண்காணிப்பும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

பல ஊர்களில் ஒரு காலத்தில் உங்கள் தொழிலில் இருந்தவர்கள்தான் கட்டி அறுத்து வைத்தியமும் பார்த்தார்கள். இன்று உங்களிடம் நான் கேட்பது அதில் ஒரு துளிதான். முடி போன இடத்தைப் பார்த்ததும் செல்போனில் படம் எடுத்து அவர் கையிலேயே கொடுங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். கல்யாணம் நிச்சயமான பையன் என்றால் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். ஊசி போட்டாலும் முடி எட்டிப் பார்க்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் வந்து நின்றால் என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.