கறை இல்லாத பிள்ளைகளையும் கேளுங்கள்

தருமபுரி மாவட்டத்தில் குடிநீருக்கும் பள்ளிச் சுகாதாரத்துக்கும் பொறுப்பில் உள்ள அலுவலர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் பகுதிப் பள்ளியில் நடந்த பல் பரிசோதனையின் முடிவைப் படித்தோம். பல்லில் காவி ஏறிய பிள்ளைகளில் பெரும்பாலோர் பல்பொடி அல்லது சாம்பல் கொண்டு பல் துலக்குகிறார்கள், ஊர்க் குடிநீரில் ஃப்ளோரைடு வரம்புக்குள் இருக்கிறது, ஆகவே சரியாகப் பல் துலக்காததே காரணம் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவற்றிலிருந்து மூன்றாவது வராது. இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருப்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) குறைப்பு என்ற சொல் இருப்பதும் நீங்கள் அறியாததல்ல. அதனால் பின்னணியை விளக்கப் போவதில்லை.

அந்த வரியால் என்ன நடக்கிறது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறோம். வகுப்பில் எல்லோர் முன்னாலும் 'ஒழுங்கா பல் விளக்கு' என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் செங்கல் பொடியும் கரியும் உப்பும் வைத்து ஈறில் ரத்தம் வரத் தேய்க்கிறார்கள். அம்மாக்களே பிடித்து வைத்துத் தேய்த்து விடுகிறார்கள். ஃப்ளோரைடால் வந்த கறை பல்லின் மேல் படிந்த அழுக்கு அல்ல, பல்லின் கடினமான மேலோடான எனாமலுக்கு உள்ளே இருப்பது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பாதிப்பு அதிகமான பல்லின் எனாமல் ஏற்கெனவே நுண்துளை விழுந்து பொடியும் தன்மையில் இருக்கும். தேய்க்கத் தேய்க்க இன்னும் பெயர்ந்து வரும். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிய ஒரு பெண் பிள்ளையிடம், இது உன் சோம்பேறித்தனம் என்று அரசுத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதைப் பொறுத்துக்கொள்வது எங்களுக்குக் கடினமாக இருக்கிறது.

இனி, முடிவு எங்கே பிசகியது என்று பார்ப்போம்.

கறை உள்ள பிள்ளைகளை மட்டும் கேட்டீர்கள். பல விளைவுகளிலும் பொதுவாக இருப்பதைத் தேடுவது ஒற்றுமை முறை. காரணத்தைக் கண்டறிய 1843-இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் வகுத்துச் சொன்ன ஐந்து முறைகளில் அதுதான் முதலாவது, தனியே நின்றால் எளிதில் ஏமாற்றக்கூடியதும் அதுதான். கறை உள்ள நூறு பேரில் எண்பது பேர் பல்பொடி பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். கறை இல்லாத நூறு பேரிலும் எண்பது பேர் அதே பல்பொடிதான் என்றால், பல்பொடிக்கும் கறைக்கும் தொடர்பில்லை. கறை உள்ளவர்கள் எல்லோரும் கேழ்வரகுக் களி தின்றார்கள் என்றும் இதே வழியில் நிறுவிவிடலாம். நம் தருக்க மரபிலும் உடன்பாடு ஒன்றே போதாது, எதிர்மறையும் வேண்டும்: புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பதோடு, நெருப்பு இல்லாத இடத்தில் புகை இல்லை என்றும் காட்ட வேண்டும். கறை இல்லாத பிள்ளைகளையும் அதே கேள்விகளைக் கேளுங்கள். நாங்கள் கேட்பது முதலில் இதுதான்.

இரண்டாவது பிசகு காலக் கணக்கில். முன்வெட்டுப் பற்களின் எனாமல் பிறந்த சில மாதங்களிலேயே உருவாகத் தொடங்கி நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது. பல் வெளியே வருவதோ ஆறு முதல் எட்டு வயதில். அதாவது பதினான்கு வயதுப் பிள்ளையின் முன்பல்லில் இருப்பது பத்து வருடத்துக்கு முன் குடித்த தண்ணீரின் பதிவு. இன்றைக்குக் குழாயில் பிடித்த தண்ணீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்ல செய்திதான், ஆனால் அந்தப் பல்லைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பல் சுண்ணாம்பு வெள்ளையாக முளைத்து, பின்னால்தான் பழுப்பேறும். கண்முன்னே நிறம் மாறுவதால் துலக்காததுதான் காரணம் என்று தோன்றுவதும் இதனால்தான்.

அந்தத் தண்ணீரையும் எங்கே பிடித்தீர்கள் என்பது முக்கியம். கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர்வெல் தண்ணீரை ஏற்றும் ஊர்கள் உண்டு. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், சோறும் குழம்பும் வைக்க அடிபம்புத் தண்ணீர் என்று பிரித்துப் பிடிக்கும் வீடுகளும் உண்டு. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். தொட்டியடியில் ஒரு நாள் பிடித்த ஒரே பாட்டிலை வைத்து ஊர்த் தண்ணீருக்கே சான்று கொடுக்க முடியாது.

காரணத்தைச் சரியாகத் தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதே நோயின் வரலாறே இருக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சிற்றூர். தொலைவிலுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகள் பல்லில் கறை வருகிறது என்று பெற்றோர்களே கவனித்தார்கள். 1923-இல் அங்கே போன பல் மருத்துவர் ஃப்ரெடரிக் மெக்கே, தண்ணீரில் சந்தேகப்படும்படி எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். ஊர் மாறியது, சில வருடங்களில் அடுத்த பிள்ளைகளுக்குக் கறையில்லாத பல் முளைத்தது. தண்ணீரில் இருந்தது ஃப்ளோரைடுதான் என்று வேதியியலாளர் சர்ச்சில் கண்டுபிடித்தது 1931-இல். பொருளின் பெயரே தெரியாத காலத்தில், மற்றதெல்லாம் அப்படியே இருக்க ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தார்கள். மில் சொன்னவற்றில் இது வேற்றுமை முறை. பெயரும் அளவும் கருவியும் நம் கையில் இருக்கின்றன. 1937-இலேயே சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இந்த நோய் பதிவாகியிருக்கிறது.

இதே வேற்றுமை முறைக்கு நம் ஊர்களில் வாய்ப்பு தயாராகக் கிடக்கிறது. ஒகேனக்கல் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒவ்வொரு ஊருக்கும் தண்ணீர் எந்த வருடம் வந்து சேர்ந்தது என்பது உங்கள் பதிவேட்டில் இருக்கும். அதற்கு முன் வளர்ந்த அக்காவையும் பின்னால் பிறந்த தம்பியையும் பாருங்கள். ஒரே அம்மா, ஒரே அடுப்பு, ஒரே பல்பொடி டப்பா; மாறியது தண்ணீர் மட்டும். அக்காவுக்குக் கறை இருந்து தம்பிக்கு இல்லையென்றால் பல்பொடிமீது பழி போட முடியாது. இருவருக்கும் ஒரே அளவு கறையென்றால் தொட்டியில் கலக்கும் தண்ணீரைச் சோதியுங்கள். அக்காவுக்கு இல்லாமல் தம்பிக்கு மட்டும் இருந்தால் எங்கள் கருத்து அடிபடும். அதையும் ஏற்றுக்கொள்வோம்.

ஆகவே ஓர் அட்டவணை தயாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கறை உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் ஒரே அட்டவணை: பிறந்த வருடம், ஆறு வயதுவரை வளர்ந்த ஊர், அப்போது குடித்த தண்ணீர், சமைத்த தண்ணீர், அந்தக் கிணறு அல்லது போரின் ஃப்ளோரைடு அளவு, பல் துலக்கும் பொருள், டீ குடிக்கும் பழக்கம், கறையின் தரம். தரத்தை, ஃப்ளோரைடு கறையை அளக்கும் டீன் அளவுகோலின் ஆறு படிகளில் குறியுங்கள். பல்லைப் பார்ப்பவருக்கு அந்தப் பிள்ளை எந்தத் தண்ணீர் குடித்தது என்று தெரியக் கூடாது. கறை இரண்டு பக்கமும் ஒரே ஜோடிப் பற்களில் கிடைக்கோடாக வந்திருந்தால் ஃப்ளோரைடைச் சந்தேகிக்கலாம். ஈறோரம் படிந்து, சுரண்டினால் வருவது வேறு. ஒற்றைப் பல்லில் மட்டும் இருந்தால் பால்பல்லில் அடிபட்டதாகவோ சீழ் வைத்ததாகவோ இருக்கலாம். தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள், கண்ணாடியோடு ஃப்ளோரைடு வினைபுரியும். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. தொட்டியடியில் மட்டுமல்ல, கடைசித் தெருக் குழாயிலும் அடிபம்பிலும்.

ஃப்ளோரைடு கூடக் கூடக் கறையின் படியும் ஏறுகிறதா என்று பாருங்கள். அது உடன்மாறல் முறை. குறைந்த ஃப்ளோரைடு உள்ள வீட்டிலும் கறை இருந்தால், தண்ணீரால் விளங்குவதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குக் காரணம் தேடுங்கள்: விழுங்கிய பற்பசை, கடுந்தேநீர். தண்ணீர்தான் என்று முன்கூட்டியே எழுதிவிடும்படி நாங்கள் கேட்கவில்லை.

பாதிக்கப்பட்டவரை மட்டும் விசாரித்து அவர் பழக்கத்தையே காரணமாக்குவது பல்லோடு நிற்கவில்லை. ஊரில் வயிற்றுப்போக்கு வந்தாலும், மாந்தோப்பில் பிஞ்சு உதிர்ந்தாலும், ஆடு செத்தாலும் அறிக்கை இப்படித்தான் வருகிறது. நோயில்லாத வீட்டையும் உதிராத தோப்பையும் போய்ப் பார்க்க ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். அந்த ஒரு நாளைச் செலவிடாததற்கு ஏழை வீட்டுப் பெண்கள் பழி சுமக்கிறார்கள். கோபமாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவாகவே கேட்கிறோம். கறை இல்லாத பிள்ளைகளையும் சேர்த்து விசாரியுங்கள். அந்த அட்டவணை முடியும்வரை, பல் துலக்காததே காரணம் என்ற வரியை அறிக்கையிலிருந்து நிறுத்தி வையுங்கள். செங்கல் பொடியும் கரியும் வைத்துத் தேய்க்க வேண்டாம் என்று இந்த வாரமே காலை வணக்கக் கூட்டத்தில் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு ஆய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பெற்றோரும் ஆசிரியர்களும்,
பென்னாகரம் வட்டம்.