கப்பலுக்கு ஏது பிடி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நம் நாளிதழில் ‘கப்பலின் பிடியில் தீப்பிடித்தது’ என்று ஒரு செய்தி. இருபத்தெட்டு வருடம் மெய்ப்புத் திருத்தியவன் நான். கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. ஆங்கில மூலச் செய்தியில் ‘ஹோல்ட்’ (hold) என்று இருந்திருக்கும். கப்பலில் அது சரக்கறை.

மொழிபெயர்த்தவரை நொந்துகொள்ள மாட்டேன். இதே குழியில் ஆங்கிலேயர்களே விழுந்திருக்கிறார்கள். கப்பலின் ‘ஹோல்ட்’டுக்கும் பிடிக்கிற ‘ஹோல்ட்’டுக்கும் பிறப்பில் உறவே கிடையாது. முன்னது குழி, பொந்து என்று பொருள்படும் ‘ஹோல்’, டச்சில் ‘ஹொல்’. சரக்கைப் பிடித்து வைக்கிற இடம்தானே என்று மயங்கியதில், 16ஆம் நூற்றாண்டு வாக்கில் வால் மாதிரி ஒரு ‘ட்’ ஒட்டிக்கொண்டது.

பிடிக்கிற ‘ஹோல்ட்’டின் பிறப்பு எனக்கு இன்னும் பிடித்த கதை. ஜெர்மன் ‘ஹால்டன்’ இதன் பங்காளி. படை அணிவகுப்பில் ‘ஹால்ட்!’ என்று கத்துகிறார்களே, அதுவும் அந்த வீட்டுப் பிள்ளைதான். ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் உறவான, இன்று வழக்கொழிந்த கோத்திய மொழியின் 4ஆம் நூற்றாண்டு பைபிளில், மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் பன்றி மேய்த்தவர்கள் ஓடிப்போகிறார்கள். அந்த மேய்ப்பர்களைக் குறிப்பது இந்த வேரில் வந்த சொல். ஆக, கையால் இறுக்குவதற்கு முன்பே இது மந்தையைக் கண்ணால் காத்த சொல். ‘பிஹோல்ட்’ என்றால் ‘இதோ பார்’ என்று பொருள் வந்ததில் எனக்கு வியப்பில்லை.

நம் ‘பிடி’ போகிற ஊருக்கெல்லாம் ‘ஹோல்ட்’ வராது. சளி பிடிக்கும், அடம் பிடிக்கும், காக்கா பிடிக்கும், ஒருவரைப் பார்த்ததும் பிடித்துப்போகும். இதில் எதற்கும் ஆங்கிலத்தில் ‘ஹோல்ட்’ போட்டுப் பாருங்கள், நிற்காது. சில இடங்களில் ‘பிடி’யைவிடக் ‘கொள்’தான் அதற்கு நெருக்கம்: குடம் பத்து லிட்டர் கொள்ளும், நாம் ஒரு கருத்தைக் கொள்வோம். தொலைபேசியில் சொல்கிற ‘ஹோல்ட் பண்ணுங்க’ மட்டும் தனி ரகம். அங்கே பிடிக்கவும் வேண்டாம், கொள்ளவும் வேண்டாம், பாட்டுக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அடுத்த முறை சரக்கறை என்றே அச்சிடுங்கள். தீ அணைந்ததா என்று அந்தச் செய்தியில் இல்லை; அதையும் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்